கால் நகராத கூச்சல்

அறுபதுகளின் நடுவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளி. நான் ஆங்கில ஆசிரியை. வீடு பரங்கிமலையில். காலையில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தால், பல்லாவரத்தில் ஒருத்தி ஓடி வந்து ஏறுவாள். முழங்கால் வரை கவுன், கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிற்றில் தொங்கும் விசில். அவளும் எங்கள் பள்ளிதான், விளையாட்டு ஆசிரியை. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். கேட்டதில்லை.

முதல் சில நாட்கள் புன்னகையோடு சரி. ஆங்கிலத்தைப் பட்டத்துக்குப் படித்தவளே தவிர, வீட்டில் பேசியவள் இல்லை நான். அவளிடம் வாயைத் திறந்தால் இலக்கணம் தடுக்கி விழுமோ என்று பயம். அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. என்னிடம் அவள் பேச ஆசைப்பட்டது தமிழில்தான். அதுவும் பல்லாவரம் சந்தையில் கற்ற தமிழ்.

ஒருநாள் குரோம்பேட்டை தாண்டியதும் பெட்டியில் சண்டை வந்தது. மீன் கூடையின் தண்ணீர் கீரைக்கட்டில் சொட்டிவிட்டது. மீன்காரம்மாவும் கீரைக்காரம்மாவும் ஆரம்பித்தார்கள். அடுத்த நிமிடம் சம்பந்தமே இல்லாத நாலு பேர் எழுந்து நின்று கத்தினார்கள். பக்கத்தில் இருந்த விளையாட்டு ஆசிரியை என் காதோரம் குனிந்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்ன சொன்னீங்க?"

"காலிஷாங்கி. இது காலிஷாங்கி, மேன். ரெண்டு நாய் சண்ட போட்டா தெருவுல கீற மத்த நாயெல்லாம் வந்து சேந்துக்கும்ல? அது."

"இது இங்கிலீஷா?"

"பின்ன? உனுக்குத் தெரியாதா? நீ இங்கிலீஷ் டீச்சராச்சே!"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். ஆண், பெண் யாரானாலும் அவளுக்கு 'மேன்'தான். எனக்குத் தெரிந்த வார்த்தைகளை மனதில் எண்ணிப் பார்த்தேன். நாய்ஸ். கன்ஃப்யூஷன். எங்கள் வீட்டு ஆங்கில பைபிளில் வரும் டியூமல்ட். அவ்வளவுதான். அவளிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அன்று முதல் தினமும் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

தூரத்தில் இருந்து கேட்கும் கூட்டத்தின் இரைச்சல் ஹப்பப். ரயில் தாம்பரத்துக்குள் நுழையும்போது நடைமேடையில் இருந்து எழுவது அது. இறங்கியபின் நம்மை இடித்துத் தள்ளும் பலவகை ஜனம் மொத்தமும் கிளாம்ஜாம்ஃப்ரி. ஒரு குண்டூசி காணவில்லை என்று ஆசிரியர் அறையே தலைகீழானால் கெர்ஃபஃபிள். ஏதாவது உடைந்தால், யாராவது உருண்டால், அது ஸ்ட்ரமாஷ். வெறும் வாய்ச் சத்தம் மட்டும், அடிதடி கிடையாது என்றால் பாபெரி. இத்தனையையும் ஒரே ஊதலில் அணைக்க ஒரு வார்த்தை: வீஷ்ட். நாங்கள் குழந்தைகளிடம் 'உஷ்' என்கிறோமே, அதன் பெரியம்மா மாதிரி ஒலித்தது அது.

"உங்க வீட்டுல மட்டும் எப்படி இத்தனை?" என்று கேட்டேன்.

"எங்க வூட்ல ஏழு பசங்கோ. டாடி இன்ஜின் டிரைவர். டூட்டி முடிஞ்சு பகல்ல தூங்குவாரு. நாங்க கத்துனா உள்ளயிருந்து 'அங்க இன்னா?'ன்னு கேப்பாரு. மம்மி ஒரே வார்த்தைல சொல்லிடுவா. பாபெரின்னா திரும்பிப் படுத்துக்குவாரு. ஸ்ட்ரமாஷ்னா பெல்ட்ட எடுத்துகினு வருவாரு. வார்த்த மாறிப்போச்சுன்னா எங்க முதுகு போச்சு, மேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூச்சலை அளந்து அளந்து பெயர் வைத்த ஒரு வீடு. அவள் பாட்டனாரின் அப்பா ஸ்காட்லாந்தில் இருந்து பல்லாவரம் கண்டோன்மென்ட்டுக்கு வந்த சிப்பாய். எந்தக் குளிர்தேசத்துத் தெருவிலோ பிறந்த வார்த்தைகள், கப்பலேறி வந்து, தோல் பதனிடும் நாற்றம் வீசும் எங்கள் ரயில் பாதையோரத்தில் ஒரு தாயின் வாயில் உயிரோடு இருந்தன. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அவை இல்லை.

பதிலுக்கு நான் தமிழ் வார்த்தைகளைக் கொடுத்தேன். கலாட்டா, ரகளை, பேஜார் எல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. அமர்க்களம் என்றால் போர்க்களம் என்று சொன்னபோது கண்ணை விரித்தாள். களேபரத்துக்கு உடம்பு என்று ஒரு பழைய பொருள் உண்டு. அமளிக்குப் படுக்கை என்று ஒரு பொருள் உண்டு.

"படுக்கையா? கூச்சலுக்கும் படுக்கைக்கும் ஒரே பேரா?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "கரெக்டுதான். எங்க வூட்ல ஒரே படுக்கைல நாலு பேரு. எல்லா சண்டையும் அங்கதான் ஸ்டார்ட்டு."

இந்த வார்த்தைகளை அவள் பள்ளிக்கும் கொண்டுவந்திருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அவள் கையில் இருக்கும். வாரம் முழுக்க வாயை மூடி உட்கார்ந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவாள். "காலிஷாங்கி!" என்றால் எல்லாரும் நாய் மாதிரிக் குரைக்க வேண்டும். "ஸ்ட்ரமாஷ்!" என்றால் ஓடலாம், உருளலாம். "பாபெரி!" என்றால் தொண்டை கிழியக் கத்தலாம், ஆனால் கால் நகரக் கூடாது. நின்ற இடத்தில் ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். அவள் வந்து தலையில் தட்டினால்தான் கால் திரும்பக் கிடைக்கும். "வீஷ்ட்!" என்றால் சத்தம் அறுந்து விழ வேண்டும். கால் அசைந்தவள் ஆட்டத்தில் இருந்து வெளியே.

பெண்களுக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். தலைமையாசிரியை அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கண்டிப்பானவர். வெள்ளை வாயில் புடவை, கையில் எப்போதும் ஒரு சிவப்பு மைப் பேனா. ஒரு வெள்ளிக்கிழமை வராந்தாவில் வந்து நின்றார்.

"இது பள்ளிக்கூடமா, மீன் மார்க்கெட்டா? ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இது இனிமேல் வேண்டாம்."

"யெஸ், மேடம்," என்றாள் அவள், மிகப் பணிவாக. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் கட்டடத்துக்குப் பின்னால், கிணற்றடிக்கு அப்பால் நடந்தது. சத்தம் எப்படியும் கேட்கத்தான் செய்தது. தலைமையாசிரியை கேட்காத மாதிரி இருந்துவிட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. மழை விடாமல் பெய்து, ஊர் ஏரி தளும்பி நின்றது; ஒரு காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மாடியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் கேட்டது ஹப்பப்தான். கடைத்தெருப் பக்கம் இருந்து ஒரு இரைச்சல் மெல்ல எழுந்து, தணியாமல், வளர்ந்துகொண்டே வந்தது. ஜன்னலுக்குப் போனேன்.

தெருவில் ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே திசையில், ஸ்டேஷனைப் பார்த்து. ஒரு தையல்காரர் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். ஒரு பெண் இடுப்பில் குழந்தை, கையில் ஆட்டுக்குட்டி. கடைக்காரர்கள் பலகைக் கதவுகளை அவசரமாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். பாதியில் விட்டுவிட்டு அவர்களும் ஓடினார்கள். சைக்கிளை மிதித்தபடியே ஒருவன் எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"ஏரி போயிடுச்சு! இன்னா பாத்துகினு கீறீங்க? ஓடுங்க!"

ஏரிக்கரை உடைந்துவிட்டது என்கிறான். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு சாய்ந்தது. நான் திரும்புவதற்குள் வகுப்பு காலி. நாலு வகுப்புகளின் பெண்களும் ஒரே நேரத்தில் படிக்கட்டைப் பார்த்து ஓடினார்கள். எங்கள் கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. குறுகலானது, நடுவில் ஒரு திருப்பம். மழை ஈரத்தில் சிமெண்ட் வழுக்கும். கீழே வாசலில், செய்தி கேட்டு வந்த பெற்றோர்கள் உள்ளே வரத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பெண்கள், கீழிருந்து அப்பா அம்மாக்கள்.

"நில்லுங்க! நில்லுங்கம்மா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டம் என்னைப் படிக்கட்டின் தலைப்புக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டியது. அங்கிருந்து திருப்பம் தெரிந்தது. அங்கே ஒரு சின்னப் பெண் விழுந்துவிட்டாள். ரிப்பன் கட்டிய ஒரு சடை மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். என் வாயில் ஜெபம் கூட வரவில்லை.

அப்போது அவள் வந்தாள். கீழ் வராந்தாவில் இருந்து, கைப்பிடிக் கம்பிக்கு வெளிப்பக்கமாக, சுவர் விளிம்பில் கான்வாஸ் ஷூவை ஊன்றி ஊன்றி ஏறி வந்தாள். திருப்பத்தில் இருந்த ஜன்னல் மேடையில் தாவி நின்று விசிலை ஊதினாள். அது நிலைமையை மோசமாக்கியது. ஆபத்துச் சங்கு என்று நினைத்துப் பெண்கள் இன்னும் முண்டினார்கள். விசிலைத் துப்பிவிட்டு, இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்து, அடிவயிற்றில் இருந்து ஒரே ஒரு வார்த்தையை எடுத்தாள்.

"பாபெரீ...!"

அவள் காலடியில் இருந்த நாலைந்து பெண்கள் நின்றார்கள். யோசித்து நின்றதாகத் தெரியவில்லை, உடம்பு நின்றது. கால் நின்றது, வாய் திறந்தது. அவர்கள் கத்தியது வேறொன்றும் இல்லை, அதே வார்த்தை. அதைக் கேட்டு மேல்படியில் இருந்தவர்கள் நின்றார்கள். அவர்களும் கத்தினார்கள். அந்த வார்த்தை படிப்படியாக மேலே ஏறி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு வரிசையாக, காற்று வயலைக் கடப்பது போல, அது வந்து தொட்ட இடமெல்லாம் அசைவு நின்றது. என்னைச் சுவரோடு நசுக்கிக்கொண்டிருந்த தோள்கள் தளர்ந்தன. என் பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க அலறினாள். ஆனால் அவள் பாதம் அசையவில்லை.

படிக்கட்டு நிறையப் பெண்கள். உச்சக் குரலில் கூச்சல். ஒரு கால் கூட நகரவில்லை. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அமைதியாக இரு என்று அந்த நேரத்தில் யார் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. பயத்தைக் கத்தித் தீர்த்துக்கொள் என்று வாய்க்கு அனுமதி கொடுத்துவிட்டு, அவள் கால்களை மட்டும் பிடித்துவிட்டாள்.

குனிந்து, விழுந்த சின்னப் பெண்ணைச் சட்டையோடு சேர்த்துத் தூக்கினாள். தலைகளுக்கு மேலாக அவளைக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். பிறகுதான் அடுத்த வார்த்தை.

"வீஷ்ட்!"

சத்தம் அறுந்தது. ஓட்டில் இருந்து மழைநீர் சொட்டும் ஒலி கேட்டது. அந்த மௌனத்தில், கீழே நின்றிருந்த தலைமையாசிரியை அம்மா சாதாரணக் குரலில் பேசினார்.

"தண்ணீர் வந்தால் கீழே இருப்பது ஆபத்தா, மாடியில் இருப்பது ஆபத்தா? எல்லாரும் திரும்பி மாடிக்குப் போங்கள்."

அதுவரை அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசலில் நின்ற பெற்றோர்கள் கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல் வரிசையில் இருந்து ஒவ்வொரு தலையாகத் தட்டிவிட வேண்டும் என்று புரிந்து, நான் தட்ட ஆரம்பித்தேன். தட்டத் தட்டப் பெண்கள் திரும்பி நடந்தார்கள். கீழே இருந்து அவள் தட்டிக்கொண்டே ஏறி வந்தாள். நடுவில் எங்கேயோ நாங்கள் சந்தித்தோம். அவள் முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம். என் தலையிலும் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீயும் போ, மேன்," என்றாள்.

சற்று நேரத்தில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஏரி ஒண்ணும் ஆவல. கலங்கல் போவுது, அவ்ளோதான். வூட்டுக்குப் போங்க." ஏரி நிறைந்து, உபரி நீர் கலங்கல் என்ற வடிகால் வழியாகப் போகத் தொடங்கியிருந்தது. 'ஏரி கலங்கல் போகுது' என்று யாரோ மகிழ்ச்சியாகச் சொன்ன செய்தி, கடைத்தெருவுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தையைத் தொலைத்துவிட்டு, 'ஏரி போகுது' என்றாகி, 'ஏரி போயிடுச்சு' என்று வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வார்த்தை விழுந்ததில் ஊரே ஓடியது. ஒரு வார்த்தை எழுந்ததில் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு முழங்கையில் வீக்கம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

மாலை நாங்கள் இருவரும் ஏரியைப் பார்க்கப் போனோம். காலையில் ஓடிய ஊர் முழுக்கக் கரையில் நின்றிருந்தது. வறுத்த வேர்க்கடலைக்காரர் நல்ல வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கரையின் விளிம்பை நக்கிக்கொண்டு, அந்தக் கோடியில் இருந்த மலையடி வரை விரிந்து கிடந்தது. கலங்கலில் செந்நீர் விழும் ஓசை மட்டும். "தண்ணி நெஜமாவே வந்துருந்தா?" என்றாள் அவள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுவாரம் ஊரில் இருந்த கல்லூரி நூலகத்தில் அனுமதி வாங்கிப் போய், அங்கிருந்த பெரிய ஆங்கில அகராதியைத் திறந்தேன். அவள் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் இருந்தன. ஸ்ட்ரமாஷ், காலிஷாங்கி எல்லாம் ஸ்காட்லாந்து என்று போட்டிருந்தது. பாபெரிக்கு வந்ததும் நின்றேன். மறுபடி படித்தேன். அது ஸ்காட்லாந்து வார்த்தை இல்லை. இந்துஸ்தானி. 'பாப் ரே!' ஐயோ, அப்பா! இந்த நாட்டில் யாரோ பயத்திலோ வலியிலோ அப்பாவைக் கூப்பிட்டதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள், அந்தச் சத்தத்துக்கே அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அகராதியின் மேல் கையை வைத்தபடி நின்றேன். அந்தப் படிக்கட்டு கண்ணுக்குள் வந்தது. அத்தனை பெண்களும் ஒரே குரலில் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கீழே வாசலில் அவர்கள் அப்பாக்கள் நின்றிருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் தெரியாது.

மறுநாள் ரயிலில் அவளிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எங்க வூட்ல அத ஸ்காட்லாண்டுன்னு சொல்லிச் சொல்லி வளத்தாங்கோ, மேன். கிராண்ட்பா அதச் சொல்றப்ப மார நிமித்திக்குவாரு." குரோம்பேட்டை வந்து போகும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "அப்பிடின்னா, ஸ்காட்லாண்டுலேந்து வந்த அந்த சோல்ஜர் கைல அடி வாங்குனவன் எவனோ கத்துனதுதான் எங்க வூட்டு வார்த்த!"

அவள் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லையாம். அகராதியில் அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டாராம்.

தலைமையாசிரியை அம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டச் சொன்னார். இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மைதானத்திலேயே நடத்துங்கள். கிணற்றடி வழுக்கும்," என்றார். அதற்குமேல் பாராட்டு என்று எதுவும் அவர் வாயில் இருந்து வரவில்லை.

சில வருடங்களில் பல்லாவரத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. அவள் அண்ணன் தம்பிகள் எல்லாரும் போனார்கள். அவளுக்கும் டிக்கெட் எடுக்க இருந்தார்கள். அவள் போகவில்லை. அந்த வார்த்தையால்தான் இங்கேயே இருந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அது இல்லை. அவள் அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். அவ்வளவு தூரம் கூட்டிப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசித் தம்பி போன அன்று நானும் மீனம்பாக்கம் போயிருந்தேன். விமானம் எழும்பி மலைக்கு மேலாகத் திரும்பி மறையும்வரை அம்மாவும் மகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். திரும்பும்போது, "வூடு ரொம்ப அமைதியா கீறப்போவுது," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை பல்லாவரத்தில் கூட்டம் அதிகம். அவளுக்காகப் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். அதன் மேல் ஓர் அம்மா உட்காரப் பார்க்க, அவரோடு வாக்குவாதம் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஏறி வந்தாள். இரண்டு பக்கத்தையும் ஒரு கணம் நின்று கேட்டாள். "வெறும் பாபெரிதான்," என்று சொல்லிவிட்டு, கவுனைச் சுருட்டிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.